எபினேசர் பேரில் கொடுத்த ரத்தம்

எபினேசர் மேல் துளசிராமனுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. தொண்டையில் மாட்டிக்கொண்ட மீன் முள் மாதிரி. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது, சோறு மட்டும் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலை. பழைய இரும்பை உருக்கி, வீடு கட்டுகிற கம்பியாக உருட்டி, கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அங்கே கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பன்களும் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரே ஆளுடைய நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர்கள். நிலம் பிளாட்டு ஆனது, பிள்ளைகள் கம்பெனிக்குப் போனார்கள். அதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் முக்கால்வாசிப் பேர் கதை அதுதான்.

லோடிங் ஷெட்டில் தலைக்கு மேலே ஓடுகிற கிரேன் ஒன்று உண்டு. இரண்டாம் நம்பர் என்பார்கள். ஓட்டுகிறவன் நாற்பது படி இரும்பு ஏணியில் ஏறிப் போய் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். அந்தச் சீட்டு காலியானபோது சூப்பர்வைசர் பூவராகவன் இரண்டு பேரை மனசில் வைத்திருந்தார். எபினேசர் ஒன்று, துளசிராமன் ஒன்று. ஏறி உட்காருகிறவனுக்கு நிரந்தர வேலை, நீல ஹெல்மெட். கீழே நிற்கிறவனுக்கு மஞ்சள் ஹெல்மெட்டும் வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டரும்.

சீட்டு எபினேசருக்குப் போனது. அது கூடப் பரவாயில்லை. அன்று சாயந்தரம் கேட்டில் பூவராகவன் துளசிராமன் தோளில் கை போட்டுப் பேசினார்.

"உசரம் உனக்கு ஒத்துக்காதாமே. தலை சுத்துமாம். எபினேசர் சொன்னான். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா, உன் பேர எழுதியே இருக்க மாட்டேன்."

துளசிராமன் பனைமரத்தில் ஏறி நுங்கு வெட்டியவன். செல்போன் டவருக்குப் பெயின்ட் அடிக்கப் போய் வந்தவன். அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் எபினேசரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் "ஆமாண்டா, சொன்னேன்" என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சினேகிதம் என்று எதை வைத்துக்கொள்வது?

ஆகவே ஒருவன் மேலே, ஒருவன் கீழே. துளசிராமன் கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, கையைத் தூக்கிச் சைகை காட்டுவான். எபினேசர் மேலேயிருந்து தூக்குவான். ஒரு கட்டு இரண்டு டன். கீழே நிற்கிறவன் உயிர் மேலே இருக்கிறவன் விரலில்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் சங்கிலிக் கொக்கி வழுக்கி, கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துளசிராமன் நேர் கீழே நின்றான். நகர நேரமில்லை. எபினேசர் கட்டை அப்படியே பக்கவாட்டில் இழுத்துச் சுவரில் மோதவிட்டான். செங்கல் உதிர்ந்தது, துளசிராமனுக்குச் சட்டைதான் கிழிந்தது. உயிரைக் காப்பாற்றினவன் மேலேயே மனத்தாங்கல் வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பேஜாரான வேலை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்து எபினேசர் இளைக்க ஆரம்பித்தான். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தான். அவன் மனைவி மேரிதான் பிடித்து இழுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் அமானுல்லாவின் மெடிக்கல் கடைக்குப் போனாள். அமானுல்லா பழவேற்காட்டுக்காரர். விரலில் குத்தி மெஷினில் வைத்துப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா நைனா, உடம்புல ரத்தம் ஓடுதா, கரும்பு ஜூஸ் ஓடுதா? முன்னூத்தி நாப்பது காட்டுது."

மாத்திரை கொடுத்தார். டாக்டரைப் பார்க்கச் சொன்னார். எபினேசர் கவலை அது இல்லை. இன்னும் பத்து நாளில் கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல். கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். சரியான பிறகு ஏற்றுவோம் என்பது பேச்சு. இறக்கின எவனும் அங்கே திரும்ப ஏறினதில்லை.

மெடிக்கலுக்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடைக்குப் பின்னால், லாரி டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எபினேசர் கேட்டான்.

"துளசி, எனக்கு ஒண்ணு செய்யணும்."

"சொல்லு."

"நாளான்னிக்கு எங்க ஆளுங்களுக்கு ரத்தம் எடுக்குறாங்க. நீ போய் நில்லு."

"நான் இன்னாத்துக்கு? கான்ட்ராக்டு ஆளுங்களுக்கு மறுநாளு."

"என் பேர்ல நில்லுடா."

உசரத்தைப் பார்த்தாலே தலை சுத்துறவன், ஊசியைப் பார்த்தா மட்டும் சுத்தாதா என்று கேட்க ஒரு வாக்கியம் துளசிராமன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டான். வேறு ஒன்றைக் கேட்டான்.

"மேல நீ மயங்கிப் போனா கீழ நசுங்கி சாவறது யாரு?"

"நீதான். அதான் உன்னக் கேக்கறேன். வேற எவனையாச்சும் கேட்டனா?"

அந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று துளசிராமனுக்குப் புரியவில்லை. ஆனால் சுவரில் மோதின கட்டு ஞாபகம் வந்தது. சரி என்றான்.

ரத்தம் எடுக்க லேப்புக்காரர்கள் வேனில் வருவார்கள். கேன்டீனுக்கு வெளியே மேஜை போட்டிருக்கும். வெறும் வயிற்றோடு வரிசை. எபினேசரின் நீல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு துளசிராமன் போய் நின்றான்.

"டோக்கன் நம்பர்?"

"நாப்பத்தி ஒண்ணு."

"பேரு?"

"எபினேசர்."

லேப்புக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழாயில் ரத்தத்தை எடுத்தான், எபினேசர் பெயர் அடித்த ஸ்டிக்கரை ஒட்டினான், அடுத்த ஆள் என்றான். மறுநாள் துளசிராமன் மஞ்சள் ஹெல்மெட்டோடு அதே வரிசையில் தன் பேருக்கு நின்றான். அதே லேப்புக்காரன், அதே கை. இப்படியே ஏழு வருஷம். அந்தச் சீட்டுக்காரனின் ஹெல்மெட் துளசிராமன் தலையில் ஏறினது வருஷத்துக்கு அந்த அரை மணி நேரம்தான்.

முதல் வருஷம் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை தொண்ணூற்றிரண்டு.

அங்கேதான் யாரும் நினைக்காதது நடந்தது. ரிப்போர்ட் கம்பெனியிலேயே கிடக்கும் என்று எபினேசர் நினைத்திருந்தான். வீட்டுக்குத் தபாலில் ஒரு நகல் வரும் என்று அவனுக்குத் தெரியாது. மேரி பிரித்துப் பார்த்தாள். முந்நூற்று நாற்பதைத் தன் கண்ணால் பார்த்தவள் தொண்ணூற்றிரண்டையும் கண்ணால் பார்த்தாள். பத்து நாளாக அவள் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். துளசிராமனையும் அன்று வரச் சொல்லியிருந்தாள். கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

"என் வீட்டுக்காருக்கு முன்னூத்தி நாப்பது இருந்த சுகரு தொண்ணூத்தி ரெண்டா எறங்கியிருக்குது" என்று மேரி அழுதுகொண்டே சொன்னாள். "கர்த்தர் தொட்டாரு."

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. தன்னுடைய ரத்தக் கணக்குக்கு நூறு பேர் கண்ணீர் விடுவதைத் துளசிராமன் கேட்டுக்கொண்டிருந்தான். முன் வரிசையில் எபினேசரின் பிடரி மட்டும் தெரிந்தது. அது குனிந்தே இருந்தது.

வெளியே வந்ததும் துளசிராமன் கேட்டான். "சொல்லிட வேண்டியதுதான?"

"எப்படிடா சொல்றது? எல்லார் எதுர்லயும் எழுந்து நின்னு சொல்லிட்டா. இனிமே நான் வாயத் தொறந்தா சபையில அவ மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்குவா?"

குணமானவன் வீட்டில் மாத்திரை போட முடியாது. அமானுல்லா கொடுத்த மாத்திரையை எபினேசர் கிரேன் கூண்டுக்கு எடுத்துப் போய், சீட்டுக்கு அடியில் இருக்கிற துடைக்கிற துணிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஞாபகம் வந்த நாள் போட்டான். லீவு நாளில் கிடையாது. வீட்டில் மேரி ஆசையாகச் சோறு போட்டாள், கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட்டாள். அவன் தின்றான். கீழே நிற்கிற துளசிராமன் சங்கிலி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே இன்று மேலே இருப்பவனுக்குக் கண் மங்கியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். ஆடுகிற நாளில் இரண்டடி தள்ளி நின்றுகொள்வான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

இப்படி ரத்தம் கொடுத்த ஐந்தாம் வருஷம் லேப்புக்காரன் கூடுதலாக ஒரு குழாய் எடுத்தான்.

"இன்னாப்பா இது, புதுசா?"

"ஐம்பது தாண்டுன பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்ணா. பிராஸ்டேட் டெஸ்டு."

"அது எங்க கீது?"

"ஒண்ணுக்குப் போற வழியில ஒரு சுரப்பிண்ணா. வயசானா வீங்கும். சில பேருக்குக் கேன்சர் வரும். இந்த ரத்தத்துல முன்னாடியே தெரிஞ்சுரும்."

பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. துளசிராமன் கையை நீட்டினான். நீட்டாமல் எழுந்து போயிருக்கலாம் என்று பிற்பாடு அவன் எத்தனையோ தடவை நினைத்தான். அன்றைக்கு நினைக்கவில்லை. ரிப்போர்ட்டில் அந்த எண் பூஜ்யம் புள்ளி ஒன்பது. ரொம்ப நல்ல எண். மேரி அதையும் மற்றதோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, பைபிள் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த வருஷம் எபினேசருக்கு அடிக்கடி சிறுநீர் முட்ட ஆரம்பித்தது. முட்டும், வராது. வந்தால் நிற்காது. அரை மணிக்கு ஒரு தரம் நாற்பது படி இறங்கி ஏற முடியுமா? இரண்டு லிட்டர் ஜூஸ் பாட்டில் ஒன்றைக் காலி பண்ணி மேலே எடுத்துப் போனான். ஷிஃப்ட் முடிந்ததும் பைக்குள் மறைத்துக் கீழே கொண்டுவந்து கொட்டுவான்.

"கிரேன் ஓட்டுறியா, கக்கூஸ் ஓட்டுறியா?" என்றான் துளசிராமன்.

"சக்கர வியாதின்னா அப்படித்தாண்டா. போய்க்கினே இருக்கும்."

எல்லோரும் அதையேதான் நம்பினார்கள். அமானுல்லா மட்டும் ஒரு நாள் முகத்தைச் சுளித்தார். "சுகருக்கு நிறையப் போவும் நைனா. முக்கிக்கினு நிக்க வேண்டியது இல்ல. யார்கிட்டயாச்சும் காட்டு." எபினேசர் பஜாரில் ஒரு டாக்டரிடம் போனான். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று அவர் கேட்டார். வேறு வழியில்லாமல் கம்பெனி ரிப்போர்ட்டையே எடுத்துக் காட்டினான். அவர் பார்த்தார். பிராஸ்டேட் எண் நன்றாக இருந்தது. விரலில் குத்தினால் முந்நூற்று அறுபது. சர்க்கரை இப்போதுதான் புதிதாக ஏறியிருக்கிறது, சிறுநீர்த் தொந்தரவு அதனால்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. கையில் கொடுத்த காகிதத்தை அவர் படித்தார்.

அப்படி இன்னொரு வருஷம் போனது. துளசிராமன் மூன்றாவது தடவையாக அந்தக் கூடுதல் குழாய்க்குக் கை நீட்டினான்.

ஒரு திங்கட்கிழமை காலை எபினேசர் ஏணியில் பதினாறாவது படியில் நின்றுவிட்டான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இடது கால் மரத்துப் போய்விட்டது என்றான். இடுப்பில் ஆறு மாசமாக வலி இருந்ததை அப்போதுதான் சொன்னான். துளசிராமன் ஏணியில் ஏறிப் போய், அவனைத் தன் தோளில் உட்காரவைத்த மாதிரி தாங்கிப் படிப்படியாக இறக்கினான். பதினாறு படி. கீழே வந்ததும் எபினேசர் ஏணியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறுநாள் மேரியோடு மூன்று பேரும் ரயில் பிடித்துச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு வாரம் அலைச்சல். ரத்தம், ஸ்கேன், சதை எடுத்துப் பார்ப்பது, எலும்புக்கு ஒரு படம். கடைசி நாள் மேரி மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நின்றபோது டாக்டரம்மா இவர்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயசுக்காரர். மேஜை மேல் மேரியின் பிளாஸ்டிக் கவர் இருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல. போன வருஷம் கம்பெனி ரிப்போர்ட்ல பிராஸ்டேட் எண் பூஜ்யம் புள்ளி ஒன்பது. இப்ப முன்னூத்தி எண்பது. கேன்சர் முதுகெலும்பு வரைக்கும் போயிருக்கு. இது ஒரு வருஷத்துல வந்தது மாதிரி தெரியல. சுகரும் அப்படித்தான். மூணு மாசத்துச் சராசரி ஆறுக்குள்ள இருக்கணும், பன்னெண்டு இருக்கு. கண்ணு, காலு எல்லாம் பத்து வருஷச் சர்க்கரை மாதிரி இருக்கு. ரிப்போர்ட்ல ஏழு வருஷமா நார்மல்."

எபினேசர் சுவரைப் பார்த்தான். துளசிராமனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"அது இவன் ரத்தம் இல்லம்மா" என்றான் துளசிராமன். "என்னுது."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை.

"இந்தப் பிராஸ்டேட் டெஸ்ட் எத்தனை தடவை?"

"மூணு தடவம்மா."

"மூணு வருஷம்" என்றார். கவரை ஓரமாகத் தள்ளிவைத்தார். "அப்ப பிடிச்சிருந்தா சுரப்பிக்குள்ளயே இருந்திருக்கலாம். இருந்திருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. இருந்திருக்கலாம்."

பிறகு எபினேசரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். சர்க்கரையால்தான் இந்தப் புற்று வந்தது என்று அவர் சொல்லமாட்டார். ஆனால் இரண்டும் ஒரு உடம்பில் இருந்து, சர்க்கரையைக் கட்டாமல் விட்டால், வைத்தியம் செய்வதே கஷ்டம். ஆண் சுரப்பை அடக்க ஊசி போடவேண்டும். அந்த ஊசி சர்க்கரையை ஏற்றும். கூடக் கொடுக்கிற மாத்திரையும் ஏற்றும். சர்க்கரை ஏறினால் காலில் வருகிற புண் ஆறாது, கிருமி உள்ளே போகும். கிருமி வந்தால் புற்றுக்குக் கொடுக்கிற மருந்தை நிறுத்தவேண்டும். "சர்க்கரைய இறக்கிக் கொண்டு வாங்க. அதுக்கப்புறம்தான் கீமோ மாதிரி பெரிய மருந்தைப் பத்தி யோசிக்க முடியும்."

திரும்பும்போது மேரி பெண்கள் பெட்டியில் ஏறினாள். எபினேசர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மீஞ்சூர் தாண்டியதும் கேட்டான்.

"இன்னாத்துக்குடா சொன்ன?"

"சொல்லாம உன்ன இன்னான்னு பாப்பாங்க?"

பொன்னேரியில் ஆட்கள் ஏறினார்கள். எபினேசர் குரலைத் தாழ்த்தினான். "சரி. டாக்டருக்குச் சொல்லிட்ட. மேரிக்கு மட்டும் சொல்லாத. அவ சாட்சி சொன்னவ."

துளசிராமன் தலையை ஆட்டி வாக்குக் கொடுத்தான். சபையில் கேட்டால் சர்க்கரை திரும்ப வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் எபினேசர். மேரியிடமும் அப்படித்தான் சொன்னான். அவள் நம்பினாள்.

அதற்குப் பிறகு எபினேசர் மாதிரிச் சர்க்கரையைக் கட்டினவனைத் துளசிராமன் பார்த்ததில்லை. ராகிக் கூழ், கீரை, சர்க்கரை போடாத டீ. வேளைக்கு இன்சுலின். தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் துளசிராமன் அமானுல்லா கொடுத்த மெஷினை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வருவான், விரலில் குத்துவான்.

"ஏழு வருசம் எனக்கு வர வேண்டிய குத்து எல்லாம் நீ வாங்கினு இருந்த. இப்ப சேத்து வெச்சுத் திருப்பிக் குடுக்கிற."

"கையக் காட்றா."

முந்நூற்றிலிருந்து இருநூற்று நாற்பது. நூற்றுத் தொண்ணூறு. ஊசி போட்ட வாரம் ஏறும், மறுபடி இறக்குவான். நாலாம் மாசம் ஒரு காலை நூற்று இருபத்தெட்டு காட்டியது. எபினேசர் மெஷினை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது என் ரத்தமாடா?"

"உன்னுதுதான். இப்ப குத்தினன்ல?"

"எனக்கே ஒரு ரிப்போர்ட்டு வந்துச்சு பாத்தியா" என்று சிரித்தான். அந்த வருஷத்தில் அவன் சிரித்ததைத் துளசிராமன் பார்த்தது அந்த ஒரு தடவை.

டாக்டரம்மா பெரிய மருந்தை ஏற்றினார். ஒரு தடவைதான் ஏற்ற முடிந்தது. எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ஏழு வருஷமாகச் சர்க்கரை அரித்த கால் நாலு மாசக் கட்டுப்பாட்டில் சரியாகிவிடுமா? கால் விரல் கறுத்தது, இரண்டு விரலை வெட்டினார்கள். மருந்தை நிறுத்தினார்கள். முதுகெலும்பில் நரம்பு அழுந்தி இரண்டு காலும் விளங்காமல் போயின. மார்கழியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனியில் இரண்டாம் நம்பர் கிரேன் அவன் இறங்கின நாளிலிருந்து ஓடவில்லை. தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிற புதுக் கிரேன் வந்திருந்தது. கூண்டும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். பூவராகவன் துளசிராமனிடம் சொன்னார், பழையதை அடுத்த வாரம் வெட்டி இறக்கப் போகிறார்கள் என்று. "கூண்டுல எபினேசர் சாமான் ஏதாச்சும் இருந்தா மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிடறோம்." துளசிராமன் அதை எபினேசரிடம் ஒரு செய்தியாகத்தான் சொன்னான். எபினேசர் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை துளசிராமன் மெஷினோடு வந்தபோது மேரி அடுப்படியில் அவனை நிறுத்தினாள். அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு திரைத் துணிதான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"ஏழு வருசம் ரிப்போர்ட்டு நல்லாத்தான வந்துச்சு? கர்த்தர் சொகம் குடுத்தாரு, நான் சாட்சி சொன்னேன். அப்புறம் இன்னா ஆச்சு? நான் ஜெபத்தக் கொறச்சுட்டேன்ணா. ஆரம்பத்துல உபவாசம் இருந்தேன், அப்புறம் வுட்டுட்டேன். அதிரசம் சுட்டுப் போட்டேன். குடுத்தத நான்தான் காப்பாத்திக்கல. பாஸ்டர் அப்படியெல்லாம் இல்லன்னு சொல்றாரு. என் மனசு கேக்கல."

துளசிராமன் சொல்லிவிடத்தான் நினைத்தான். பொன்னேரி ரயிலில் கொடுத்த வாக்கு நடுவில் வந்து நின்றது. கையில் இருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே, "அப்படி இல்லம்மா" என்று மட்டும் சொன்னான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வெளியே போனாள்.

உள்ளே எபினேசர் விழித்துக்கொண்டுதான் இருந்தான். கன்னம் இரண்டும் உள்ளே போய், தாடை மட்டும் மிச்சமாகத் தெரிந்தது. விரலை நீட்டச் சொன்னால் நீட்டவில்லை.

"குத்தாத. போதும்" என்றான். "கேட்டுக்கினு இருந்தேன்."

துளசிராமன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். எபினேசர் தலையணைக்கு அடியில் கையை விட்டு நெடு நேரம் துழாவினான். உதவிக்கு நீட்டின கையைத் தள்ளிவிட்டான். கடைசியில் ஒரு சின்னச் சாவியை எடுத்து துளசிராமன் உள்ளங்கையில் வைத்தான்.

"சீட்டுக்கு அடியில பெட்டி."

"தெரியும்."

"வெட்டறதுக்கு முன்னாடி நீ மேல ஏறு."

துளசிராமன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷ முள் தொண்டையில் அசைந்தது.

"நான் ஏறலாமா? எனக்குத் தலை சுத்துமே."

எபினேசர் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுத்தாது. எனக்கு அன்னிக்கே தெரியும். உனக்குச் சுத்தவே சுத்தாது." மூச்சு வாங்கிக்கொண்டான். "அந்தச் சீட்டு எனக்கு வேணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

வெளியே குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. துளசிராமன் கையை மூடினான். சாவி உள்ளே உறுத்தியது.

"ஏறி இன்னா பண்ணணும், சொல்லு."

"மாத்திரை அட்டை எல்லாம் அதுல கீது. ஏழு வருசத்துது. பாதி போட்டது, பாதி போடாதது. எடுத்தாந்து மேரி கையில குடு. யார் ரத்தம்னு சொல்லு. அவ ஜெபத்துல ஒரு கொறையும் இல்ல, நான்தான் ஏமாத்துனேன்னு சொல்லு. நான் போனப்புறம் சொல்லு, முன்னாடி சொல்லிடாத. அவ அழுவறத என்னால பாக்க முடியாது."

"சரி."

"பக்கத்துலயே அந்த ஜூஸ் பாட்டிலும் கெடக்கும்டா. அத அங்கேயே எங்கயாச்சும் தூக்கிப் போட்டுரு. அவ கண்ணுல மட்டும் காட்டாத."